நிழல் விழுந்தது!



முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். போன வருடம் இதே பலகையில், இடது ஓரத்தில், பச்சை ஸ்கெட்ச்சில் கட்டம் போட்டு 'உங்களுக்குத் தெரியுமா?' என்று ஒரு பகுதி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதில் மூன்றாவது செய்தி இது: "தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது." அதை எழுதியது நான்தான். அது தப்பு. சின்னத் தப்பு இல்லை, முழுத் தப்பு!

அந்தத் தப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் அதை அப்படியே பார்த்து எழுதி, மனப்பாடம் பண்ணி, பேச்சுப் போட்டியில் மேடையில் சொல்லிவிட்டான். நடுவராக வந்த ஐயா சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "நீ போய்ப் பார்த்தியாப்பா?" இவன், "இல்லைங்க ஐயா, எங்க ஸ்கூல் போர்டுல போட்டிருந்துச்சு" என்று சொல்ல, அரங்கமே சிரித்துவிட்டது. பரிசும் போச்சு. மறுநாள் இடைவேளையில் நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, அதை நீங்க எங்க பார்த்தீங்க?"

"கூகுள்லதான்டா."

"கூகுள்ல எங்கக்கா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை! எந்தத் தளம், யார் எழுதியது, எந்த வருடம், ஒன்றுமே ஞாபகம் இல்லை. முதலில் வந்ததைப் பார்த்தேன், எழுதினேன், அவ்வளவுதான். 'கூகுள்ல பார்த்தேன்' என்பது ஒரு பதிலே இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நூலகத்தில் படித்தேன் என்றால் எந்தப் புத்தகம் என்று கேட்கமாட்டார்களா?

அடுத்த மாதமே, டிசம்பரில், பள்ளிச் சுற்றுலா. இரண்டு பஸ்ஸில் தஞ்சாவூர் போனோம். மதியம் பன்னிரண்டேகால் இருக்கும். வெயில் தாங்காமல் எல்லோரும் ஓடிப்போய் ஒரு நிழலில் நின்றோம். நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். பெரிய கோயில் விமானத்தின் நிழல்! வடக்குப் பக்கம், சண்டிகேசுவரர் சன்னதி இருக்கிற பக்கம், நீளமாக விழுந்து கிடந்தது. அந்தத் தம்பி நிழலின் ஓரத்தில் நின்றுகொண்டு, "அக்கா, இப்ப வெயில்ல நிக்கிறேன்... இப்ப நிழல்ல நிக்கிறேன்..." என்று குதித்துக் குதித்துக் காட்டினான். என் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இதில் இன்னொரு வேடிக்கை, தஞ்சாவூருக்குப் போகாமலே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். விமானத்தின் உயரத்தை 60 மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அடிப்பகுதி பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர், அதாவது நடுவிலிருந்து சுவர் ஓரம் வரை 15 மீட்டர். தஞ்சாவூர் இருப்பது ஏறத்தாழ 10.8 பாகை வடக்கில். டிசம்பர் 21, 22 தேதிகளில் சூரியன் 23.4 பாகை தெற்கே போய்விடுகிறது. கூட்டினால் 34.2. அதாவது உச்சி வேளையில்கூட சூரியன் உச்சியில் இல்லை, 34 பாகை தெற்கே சாய்ந்து நிற்கிறது. 34.2 பாகைக்கு டேன் மதிப்பு 0.68. அறுபதோடு பெருக்கினால் 40.8 மீட்டர். அதில் 15 மீட்டரைக் கழித்துவிடுங்கள். மீதி 25 மீட்டருக்கு மேல் நிழல் தரையில்தான் விழுந்தாக வேண்டும். காலையிலும் மாலையிலும் கேட்கவே வேண்டாம்.

ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் நான்காவது வாரத்திலும் சூரியன் தஞ்சாவூருக்கு நேர் உச்சியில் வரும் நாட்கள் உண்டு. நிழலில்லா நாள் என்கிறார்கள். அன்று நண்பகலில் விமானத்தின் நிழல் அதன் அடிக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அப்படி ஒரு நாள் நம் பள்ளிக் கொடிக்கம்பத்துக்கும்தான் உண்டு! 1010ஆம் ஆண்டு கட்டி முடித்த கோயில், ஆயிரம் வருடத்துக்கு மேலாக நிற்கிறது. ராஜராஜ சோழனுக்கு இந்தப் பொய்ப் பெருமை எதற்கு? இருக்கிற பெருமையே போதாதா?

சரி, கூகுள் என்னை ஏமாற்றியதா? இல்லை. நான்தான் கூகுளிடம் தப்பாகக் கேட்டேன். நான் அடித்த வரி என்ன தெரியுமா? "தஞ்சை கோயில் நிழல் ஏன் தரையில் விழவில்லை". விழவில்லை என்று நானே முடிவு பண்ணிவிட்டு, ஏன் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். அதற்கேற்ற மாதிரி 'விழாது, விழாது' என்று எழுதின பக்கங்களாகத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டது. கடைக்காரரிடம் போய் "புழு இருக்கிற கத்திரிக்காய் ஏன் நல்லது?" என்று கேட்டால் அவர் ஏதோ ஒரு காரணம் சொல்லத்தானே செய்வார்! பிறகு ஒரு நாள் ஹைடெக் லேபில் உட்கார்ந்து "பெரிய கோயில் விமானம் நிழல் விழுமா" என்று கேட்டேன். கூடவே 'உண்மையா', 'கட்டுக்கதை' என்ற வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்தேன். வேறு பக்கங்கள் வந்தன. மதிய நேரத்தில் நிழலோடு எடுத்த போட்டோவே இருந்தது! அதே கம்ப்யூட்டர், அதே கூகுள், கேள்வி மட்டும் வேறு.

இந்த இடத்தில் கூகுள் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். நாம் தேடும்போது அது இணையம் முழுவதும் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. அதன் நிரல்கள் முன்பே பக்கம் பக்கமாகப் போய்ப் படித்து, எந்த வார்த்தை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு மகா பெரிய சொல்லடைவு போட்டு வைத்திருக்கின்றன. நாம் கேட்டதும் அதைப் புரட்டித் தருகிறது. யாரை முதலில் நிறுத்துவது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மற்ற பக்கங்கள் எந்தப் பக்கத்துக்கு அதிகமாக இணைப்புக் கொடுக்கின்றனவோ, அதை மேலே வை என்பதுதான் அந்த வழி. 1998இல் கூகுள் நிறுவனம் தொடங்கியதே இதை வைத்துத்தான். இன்றைக்கு இன்னும் எத்தனையோ கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஆனால் எந்தக் கணக்கும் தஞ்சாவூருக்குப் போய் நிழலைப் பார்த்துவிட்டு வருவதில்லை.

தமிழில் தேடும்போது வேறு சில சிக்கல்களும் இருக்கின்றன. இதையெல்லாம் இங்கிலீஷ் டிப்ஸ் புத்தகத்தில் போடமாட்டார்கள், நாமே விழுந்து எழுந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

உயர்ந்து நிற்கிற அந்தக் கட்டடத்தை நான் கோபுரம் என்று எழுதினேன். கருவறைக்கு மேலே இருப்பது விமானம், வாசலில் இருப்பதுதான் கோபுரம். விஷயம் தெரிந்தவர்கள் எழுதின பக்கங்களில் 'விமானம்' என்றுதான் இருக்கும். ஆக, சரியான வார்த்தையைப் போட்டால்தான் சரியான ஆட்களிடம் போய்ச் சேரலாம். ஆனால் "தஞ்சை விமானம்" என்று அடித்தேனா, ஏரோபிளேனாக வந்து குவிந்துவிட்டது! தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறதே. இதற்குத்தான் கழித்தல் குறி. வேண்டாத வார்த்தைக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் போட்டால் அந்த வார்த்தை உள்ள பக்கங்கள் ஒதுங்கிவிடும். 'விமானப்படை', 'விமான நிலையம்' எல்லாவற்றையும் இப்படிக் கழித்த பிறகுதான் ராஜராஜன் கண்ணில் பட்டார்.

ஒரே கோயிலுக்குப் பெயரும் ஒன்றா? பெரிய கோயில், பெரிய கோவில், பெருவுடையார் கோயில், பிரகதீஸ்வரர் கோயில், ராஜராஜேச்சரம், இராசராசேச்சரம். 'யி' போட்டு ஒரு தடவை, 'வி' போட்டு ஒரு தடவை தேடிப் பாருங்கள், வருகிற பக்கங்கள் மாறும். கல்வெட்டு பற்றி ஆழமாக எழுதுபவர்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு பெயர்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். தமிழில் இரண்டு மூன்று பெயரில் தேடிவிட்டு, ஆங்கிலத்திலும் ஒரு முறை தேடிவிடுங்கள். எனக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராதுதான். இருந்தாலும் தட்டுத் தடுமாறிப் படித்தால் புரிகிறது.

மேற்கோள் குறி விஷயமும் அப்படித்தான். இரட்டை மேற்கோள் குறிக்குள் ஒரு தொடரைப் போட்டால் அதே தொடர் அப்படியே இருக்கிற பக்கங்களைத்தான் தேடும். ஆங்கிலத்தில் இது ரொம்ப வசதி. தமிழில் கவனம் தேவை! நீங்கள் "தஞ்சைப் பெரிய கோயில்" என்று ஒற்றுப் போட்டுத் தேடினால், ஒற்றுப் போடாமல் எழுதினவர்கள் விடுபட்டுப் போகலாம். 'கோயிலில்', 'கோயிலுக்கு' என்று வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டாலும் அதே கதை. (தமிழ் ஐயா சொல்லித் தரும் வல்லினம் மிகும் இடங்கள் இங்கே வந்து உதவும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.) அதனால் மேற்கோளுக்குள் சின்னத் தொடராக, உருபு இல்லாமல் போடுங்கள்.

ஆனால் மேற்கோள் குறியின் பெரிய உபயோகம் வேறு. நான் போன வருடம் பார்த்து எழுதின பத்தியிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மேற்கோளுக்குள் போட்டுத் தேடினேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கங்கள் வந்தன. எல்லாவற்றிலும் அதே வாக்கியம், அதே இடத்தில் அதே எழுத்துப் பிழை! 'இத்தனை பேர் சொல்லியிருக்காங்களே, பொய்யா இருக்குமா' என்றுதான் நான் முதலில் நம்பினேன். இத்தனை பேரும் இல்லை, ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக் காப்பி அடித்தவர்கள். பரீட்சையில் நாலு பேர் பேப்பரில் ஒரே தப்பு இருந்தால் சார் எப்படிக் கண்டுபிடிக்கிறாரோ, அதே கதைதான்.

காப்பி அடித்தவர்களைத் தாண்டிப் போக ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் எஸ்-ஐ-டி-இ, 'சைட்', என்று அடித்து, ஒட்டினாற்போல் முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஜி-ஓ-வி புள்ளி ஐ-என் என்று போட்டுவிட்டு, அதன் பிறகு நமக்கு வேண்டிய வார்த்தைகளை அடித்தால் அரசுத் தளங்களில் மட்டும் தேடும். ஏ-சி புள்ளி ஐ-என் என்று போட்டால் கல்லூரி, பல்கலைக்கழகத் தளங்கள். அரசுத் தளம் என்றால் தப்பே இருக்காது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அங்கே தப்பு இருந்தால் யார் பொறுப்பு என்றாவது தெரியும் அல்லவா?

நம் கம்ப்யூட்டர் மிஸ் தான் படித்த காலத்தைச் சொன்னார்கள். 2000த்துப் பக்கம் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு இருபது, முப்பது ரூபாய் கொடுக்கணுமாம். கையில் இருப்பதே ஐம்பது ரூபாய். அதனால் வீட்டிலேயே உட்கார்ந்து, என்ன தேடணும், எந்த வார்த்தை போடணும், அது வரலைன்னா வேற எந்த வார்த்தை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் உள்ளே போவார்களாம். அதிலும் தமிழ்த் தளம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அதை இறக்காவிட்டால் திரையில் புரியாத எழுத்தாகத்தான் தெரியும். இப்போது யூனிகோடு வந்து அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் பழைய புத்தகங்களைப் போட்டோ மாதிரி ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்தால், உள்ளே இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பல சமயம் படிப்பதில்லை. 1998இல் ஆரம்பித்த மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடங்களுக்கு நேரே போய்ப் புத்தகத்தின் பெயரை வைத்துத் தேடினால்தான் கிடைக்கும். மிஸ் சொன்ன அந்தத் தாள் பழக்கத்தை நான் இப்போது பிடித்துக்கொண்டேன். நமக்கு லேப் பீரியடே வாரத்துக்கு நாற்பது நிமிஷம்தானே! உள்ளே போய் யோசித்தால் பெல் அடித்துவிடுகிறது.

நீளமான பக்கம் வந்தால் முழுவதையும் உருட்டிக்கொண்டு இருக்காதீர்கள். கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு எஃப் தட்டினால் அந்தப் பக்கத்துக்குள்ளேயே வார்த்தையைத் தேடலாம். விக்கிப்பீடியாவில் அடியில் மேற்கோள்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும், நான் இப்போதெல்லாம் முதலில் அங்கேதான் போகிறேன்.

இப்போது ஒரு வருத்தமான விஷயம். நிழல் விஷயத்தில் ஒரு பேச்சுப் போட்டிப் பரிசுதான் போனது. என் சித்தப்பாவுக்கு 4,800 ரூபாய் போனது. போனில் பணம் அனுப்பியபோது நடுவில் நின்றுவிட்டது என்று, கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடியிருக்கிறார். மேலே வந்த ஒரு நம்பருக்கு அடித்தார். எதிரில் பேசினவர் ரொம்ப மரியாதையாக, "ஐயா, இந்த ஆப்பை இறக்குங்க, நானே சரி பண்ணித் தரேன்" என்றாராம். அந்த ஆப் மூலம் சித்தப்பாவின் போன் திரை முழுவதும் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. பத்து நிமிஷத்தில் பணம் காலி. தேடலில் மேலே வருவது விளம்பரமாகவும் இருக்கலாம், மோசடிக்காரர் போட்டுவைத்த நம்பராகவும் இருக்கலாம். வங்கி நம்பர் வேண்டுமென்றால் பாஸ்புக்கிலும் கார்டின் பின்பக்கத்திலும் அச்சடித்திருக்கிறது, அதைப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அடிக்க வேண்டும் என்று சித்தப்பாவுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் வீட்டில் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பாம்புக் கடி, விஷம், மூச்சுத் திணறல் மாதிரி நேரத்தில் தேடவே தேடாதீர்கள். 108க்கு அடியுங்கள். கடித்த இடத்தைக் கீறு, வாயால் உறிஞ்சு என்று வீடியோ போட்டிருப்பார்கள். மருத்துவர்கள் கூடாது என்று சொல்வதே அதைத்தான்.

'இப்ப எதுக்குடி இவ்வளவு கஷ்டம், ஏஐகிட்ட கேட்டா நேரா பதிலே வந்துடுது' என்று என் பெஞ்ச் தோழி சொல்கிறாள். வருகிறதுதான். 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள் தேடலுக்கு மேலேயே ஏஐ சுருக்கம் காட்ட ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த உடனே ஒரு கூத்து நடந்தது. பீட்சாவில் சீஸ் ஒட்டவில்லை, என்ன பண்ணுவது என்று கேட்டவருக்கு, சாஸில் கொஞ்சம் பசை கலந்துகொள் என்று பதில் வந்தது! பதினொரு வருடத்துக்கு முன்னால் யாரோ கிண்டலுக்கு எழுதியதை அது நிஜம் என்று எடுத்துக்கொண்டதாம். தினமும் ஒரு சின்னக் கல் சாப்பிடு என்றும் ஒரு பதில், அது ஒரு நையாண்டிப் பத்திரிகையிலிருந்து வந்தது. பிறகு திருத்தினார்கள். நான் ஏஐ வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கிறேன். ஆனால் அந்தப் பதிலோடு கொடுத்திருக்கும் இணைப்பைத் திறந்து பார்க்காமல் எழுதினால், ஏழாம் வகுப்புத் தம்பி வந்து "ஏஐல எங்கக்கா?" என்று கேட்பான். அப்போது என்ன சொல்வாய்?

கடைசியாக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபித்துக்கொள்ளக் கூடாது. புராஜெக்ட் என்றால் நாங்கள் என்ன செய்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் தலைப்பைச் சொன்னால் அண்ணன் இருபது பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார். அதைப் பார்த்து அழகாக எழுதி, கலர் அட்டை போட்டு, ஜிகினா ஒட்டினால் நல்ல மார்க். நான் அப்படி வாங்கியிருக்கிறேன், அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன். பக்கத்துக்கும் அட்டைக்கும் மார்க்கைக் குறைத்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு பக்கம் 'நான் எப்படித் தேடினேன்' என்று எழுதச் சொல்லுங்கள். என்ன வார்த்தை போட்டேன், எந்தத் தளம், என்றைக்குப் பார்த்தேன், எந்த இரண்டு பக்கங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன, நான் எதை நம்பினேன், ஏன்? இதற்கு மார்க் கொடுங்கள். "அதையும் காப்பி அடிப்பீங்களே" என்று மிஸ் சிரித்தார்கள். அடிப்போம்தான்! ஆனால் இரண்டு பேர் ஒரே மாதிரி வழி தவறியிருக்கமாட்டார்களே, ஈசியாக மாட்டிக்கொள்வோம்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் அப்பா போன் ஒன்றுதான். அவர் வேலை முடிந்து இரவு வந்தால்தான் நெட். அதற்குள் கண் சொருகிவிடும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் பள்ளி விட்டதும் அரை மணி நேரம் லேபைத் திறந்து வைத்தால் நன்றாக இருக்கும் என்று தலைமையாசிரியர் அம்மாவைக் கேட்டுக்கொள்கிறோம். பூட்டுவது, கூட்டுவது, ஃபேன் லைட் அணைப்பது எல்லாம் பதினொன்றாம் வகுப்புப் பொறுப்பு. பதினேழு பேர் கையெழுத்துப் போட்ட தாளை அலுவலக அறையில் கொடுத்திருக்கிறோம்.

இரண்டு தாளைத் தாண்டிவிட்டது, மன்னிக்கவும். இந்த முறை 'உங்களுக்குத் தெரியுமா?' பகுதி வலது ஓரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் எங்கே பார்த்தேன், எந்தத் தேதி என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் பக்கத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். பென்சில் நூல் கட்டித் தொங்குகிறது, தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

– மாணவி, 11ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு